இன்டக்ரேட்டட் கிராபிக்ஸில் புது கேம்கள் ஓடுமா? ஓடும் என்றால் எதுவரை?

#1 அந்திவெயில்

வணக்கம். என்னிடம் இருப்பது ரைசன் 5 5500யூ போட்ட லேப்டாப். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகா 7 தான். ரேம் 8 ஜிபி. படிப்புக்காக வாங்கியது, கேம் பற்றி அப்போது யோசிக்கவே இல்லை.

இப்போது நண்பர்களோடு ஜிடிஏ 5 விளையாட ஆரம்பித்திருக்கிறேன். 1080பி, எல்லா செட்டிங்கும் நார்மல். திரையின் மூலையில் 38, 40 என்று எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் வரும் படங்கள், அதாவது பிரேம்களின் எண்ணிக்கை) காட்டுகிறது. ஆனால் வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு நகரத்துக்குள் நுழைந்தால் படம் அப்படியே நின்றுவிட்டு, பிறகு ஒரே துள்ளலாகத் துள்ளி ஓடுகிறது. அதற்குள் வண்டி எங்காவது போய் மோதியிருக்கும்.

எல்டன் ரிங் விளையாட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. யாரைக் கேட்டாலும் "இன்டக்ரேட்டட்டா? மறந்துவிடு" என்கிறார்கள். புது லேப்டாப் வாங்கும் நிலையில் நான் இல்லை. இருப்பதை வைத்து எது முடியும், எது முடியாது என்று உள்ளபடி தெரிந்தால் போதும்.

#2 நெடுந்தூரம்

நேராகவே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்டன் ரிங்குக்கு அவர்கள் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தேவையே ஜிடிஎக்ஸ் 1060 கார்டும் 12 ஜிபி ரேமும். உங்களிடம் இரண்டும் இல்லை. தனி கார்டுக்குச் சொந்தமாக மெமரி உண்டு, சொந்தமாகக் காற்றாடி உண்டு, சொந்தமாக மின்சாரம் உண்டு. இன்டக்ரேட்டட் எல்லாவற்றையும் பிராசசரிடம் கடன் வாங்கித்தான் வேலை செய்கிறது. 30 எஃப்பிஎஸ்ஸில் தடுமாறி விளையாடி நல்ல கேமின் மீதே வெறுப்பு வந்துவிடக்கூடாது. பொறுத்திருந்து, கார்டு உள்ள இயந்திரம் வாங்கிய பிறகு விளையாடுங்கள்.

#3 திருப்புளி

தம்பி, முடிவு எடுப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டுங்கள். கீழே "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்று ஒரு வரி இருக்கும். அதில் என்ன போட்டிருக்கிறது?

#4 அந்திவெயில்

இரண்டில் ஒன்று என்று போட்டிருக்கிறது அண்ணா. வேகம் 3200. இன்னொன்றையும் கவனித்தேன்: ரேம் 8 ஜிபி என்றாலும் பயன்படுத்தக் கிடைப்பது 7.4 என்றுதான் காட்டுகிறது. மீதி எங்கே போனது?

#5 திருப்புளி

நான் நினைத்தது சரிதான். அந்த மீதிதான் உங்கள் கிராபிக்ஸ். இன்டக்ரேட்டட் கிராபிக்ஸுக்கென்று தனி மெமரி கிடையாது. கணினி தொடங்கும்போதே பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும் உள் மென்பொருள்) உங்கள் ரேமில் ஒரு துண்டை, பெரும்பாலும் 512 எம்பி, வெட்டி அதற்குக் கொடுத்துவிடுகிறது. அது போதாதபோது விண்டோஸ் மிச்சத்திலிருந்தும் பகிர்ந்து கொடுக்கும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியூ பக்கம் போனால் "டெடிகேட்டட்", "ஷேர்டு" என்று இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

சரி, இப்போது உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். பல வருடங்களாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். "கேம் திக்கித் திணறுகிறது" என்று வரும் இன்டக்ரேட்டட் லேப்டாப்களில் நான் முதலில் பார்ப்பது ரேமைத்தான். திறந்து பார்த்தால் ஒரே குச்சி, பக்கத்து ஸ்லாட் காலி. எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஒரு கேம் ஓடும்போது கிராபிக்ஸ் சிப் ஒவ்வொரு பிரேமுக்கும் டெக்ஸ்சர், நிழல், ஆழத் தகவல் என்று மெமரியிலிருந்து அள்ளிக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் பிராசசரும் அதே ரேமிலிருந்து தனக்கு வேண்டியதை எடுக்கும். தொட்டி எவ்வளவு பெரியது என்பது ஒரு கேள்வி, குழாய் எவ்வளவு அகலம் என்பது வேறு கேள்வி. உங்களிடம் குழாய் பாதி அடைபட்டுக் கிடக்கிறது. இரண்டாவது ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி போட்டால் டூயல் சேனல், அதாவது மெமரிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பாதை வரும், குழாய் இரண்டு மடங்காகும். தொட்டியும் 16 ஆகும். எல்டன் ரிங் கேட்கும் 12ஐயும் தாண்டிவிடும்.

உங்கள் சிப்பின் முழு பலத்தை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. அதைப் பார்க்காமல் "முடியாது" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

#6 எண்கணக்கு

திருப்புளி சொன்ன குழாய்க்கு அளவு போட்டுத் தருகிறேன்.

டிடிஆர்4 3200 என்றால் நொடிக்கு 320 கோடி முறை பரிமாற்றம், ஒவ்வொரு முறையும் 8 பைட். பெருக்கினால் நொடிக்கு 25.6 ஜிபி. ஒரு குச்சிக்கு அவ்வளவுதான். இரண்டு குச்சிக்கு 51.2. டிடிஆர்5 5600 இரண்டு குச்சி என்றால் 89.6. சில புது லேப்டாப்களில் பலகையிலேயே ஒட்டி வரும் எல்பிடிடிஆர்5எக்ஸ் 7500 என்றால் 120.

இப்போது தனி கார்டு. 2019இல் வந்த சாதாரண ஜிடிஎக்ஸ் 1650க்கே 128. ஆர்டிஎக்ஸ் 4060க்கு 272. அந்த 272 முழுக்க முழுக்க கிராபிக்ஸுக்கு மட்டும். அந்திவெயிலின் 25.6இல் பிராசசரும் பங்கு கேட்கிறது. நகரத்துக்குள் வேகமாக நுழையும்போது புதுக் கட்டடங்கள், புது ஆட்கள், புது வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன, பிராசசருக்கும் அப்போதுதான் வேலை கூடுகிறது. போதாததற்கு 8 ஜிபியும் நிரம்பிவிட்டால் விண்டோஸ் சில பகுதிகளை டிஸ்க்குக்குத் தள்ள ஆரம்பிக்கும். படம் நின்று துள்ளுவதற்கு இந்த இரண்டுமே காரணமாக இருக்கலாம்.

#7 கடைசிபெஞ்ச்

என்னுடையது இன்னும் பழசு, இன்டெல் யூஎச்டி 620. 2017இல் வந்த எட்டாம் தலைமுறை சிப். ஹாலோ நைட், ஸ்டார்டியூ வேலி, ஹேடிஸ் எல்லாம் மனநிறைவோடு விளையாடி முடித்திருக்கிறேன். வாலரன்ட்டும் ஓடுகிறது. அதன் குறைந்தபட்சத் தேவையில் இன்டெல் எச்டி 4000ஐயே போட்டிருக்கிறார்கள், அது 2012 சரக்கு. விற்கும் கேம்கள் எல்லாமே அசுர பலம் கேட்பவை என்று நினைத்துக்கொண்டு விளையாடாமலே இருப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

#8 நெடுந்தூரம்

கடைசிபெஞ்ச், நீங்கள் சொன்னவை நல்ல கேம்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இழையின் கேள்வி "புது கேம்கள்" என்பது. ஸ்டார்டியூ வேலியை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

புது கேம்களில் இப்போது ஒரு மாற்றம் நடக்கிறது. முன்பெல்லாம் செட்டிங்ஸைக் குறைத்துக்கொண்டே போனால் ஏதோ ஒரு கட்டத்தில் எதுவும் ஓடும். இப்போது சில கேம்கள் ஓட வேண்டுமானால் சிப்பில் குறிப்பிட்ட வசதி இருந்தே ஆக வேண்டும். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேம், 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டுக்கும் ஹார்டுவேர் ரே டிரேசிங் (ஒளி பட்டுத் திரும்பும் விதத்தைச் சிப்பே கணக்கிடும் வசதி) கட்டாயம். ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த் டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட் என்ற கிராபிக்ஸ் வசதித் தொகுப்பைக் கேட்கிறது. ஆலன் வேக் 2, பொருள்களின் வடிவத்தைப் புது முறையில் கையாளும் மெஷ் ஷேடர் என்ற வசதியை நம்பி எழுதப்பட்டது. வேகாவில் இவை எதுவும் கிடையாது. எவ்வளவு ரேம் போட்டாலும் இல்லாத வசதி முளைக்காது. இதை மறைத்துவிட்டு "எல்லாம் ஓடும்" என்று நம்பிக்கை கொடுப்பது அந்தப் பையனுக்குச் செய்யும் நல்லது இல்லை.

#9 திருப்புளி

நெடுந்தூரம் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அந்திவெயில், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் சிப்புக்கு இது சுவர், ஏறிக் குதிக்க முடியாது.

ஆனால் எல்டன் ரிங் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. 2022இல் வந்த கேம், பழைய பிளேஸ்டேஷன் 4இலும் ஓட வேண்டும் என்று செய்யப்பட்டது. ரே டிரேசிங்கைப் பின்னால் சேர்த்தார்கள், விருப்பப்பட்டால் மட்டும்.

#10 மரப்பாச்சி

நான் ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கணினியில்தான் விளையாடுகிறேன். 2022இலிருந்து வேறு இயந்திரமே கிடையாது. அதற்குள் இருப்பதும் இன்டக்ரேட்டட் கிராபிக்ஸ்தான், வேகாவுக்குப் பிந்தைய ஆர்டிஎன்ஏ 2 வகையில் 8 கம்ப்யூட் யூனிட் (கிராபிக்ஸ் கணக்குப் போடும் பகுதி), 16 ஜிபி பகிர்ந்த மெமரி. சைபர்பங்க் 2077ஐ முழுவதும் அதில்தான் முடித்தேன். ஸ்டீம் டெக்குக்கென்றே அந்த கேமுக்குள் ஒரு செட்டிங் இருக்கிறது.

அது எப்படி முடிகிறது என்று யோசித்துப் பார்த்தால் திரையில் வந்து நிற்கும். 1280க்கு 800, அதாவது சுமார் 10 லட்சம் புள்ளிகள். 1080பி என்றால் 20 லட்சத்து 70 ஆயிரம். பாதி வேலைதான் அந்தச் சின்ன சிப்புக்கு. கையளவு திரையில் புள்ளிகள் குறைந்தது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று, 30க்கும் 60க்கும் நடுவில் எது என்று கேட்டால் எல்லாரும் 45 என்பார்கள். நேரக் கணக்கில் பாருங்கள். 30 எஃப்பிஎஸ் என்றால் ஒரு பிரேமுக்கு 33.3 மில்லிசெகண்ட். 60 என்றால் 16.7. இவற்றுக்கு நட்ட நடுவில் இருப்பது 25 மில்லிசெகண்ட், அதாவது 40 எஃப்பிஎஸ். டெக்கில் திரையின் புதுப்பிப்பு வேகத்தையே 40க்கு மாற்றி வைக்கலாம். அதை மாற்றிய நாளில் கையில் உணர்ந்த வித்தியாசம் இன்னும் நினைவிருக்கிறது. திரும்பும்போது கோடு கோடாக இழுபட்ட படம் அமைதியாகிவிட்டது.

எல்லாமே இப்படி இல்லை. பால்டர்ஸ் கேட் 3இன் மூன்றாம் பகுதியில் நகரத்துக்குள் போனபோது நன்றாகவே திணறியது. முறை வைத்து ஆடும் கேம் என்பதால் பொறுத்துக்கொண்டேன். சுட்டு விளையாடும் கேமாக இருந்தால் அங்கேயே விட்டிருப்பேன்.

#11 நெடுந்தூரம்

ஸ்டீம் டெக்குக்கு எண்ணற்ற பேர் கேம்களைச் சோதித்துச் சரிபார்க்கிறார்கள். சாதாரண லேப்டாப்புக்கு அந்தக் கவனிப்பு கிடையாது.

#12 எண்கணக்கு

அது நியாயமான கருத்து. கூடவே இதையும் யோசியுங்கள்: பிளேஸ்டேஷன் 5க்குள் இருப்பதும் ஒரே சிப்தான், பிராசசரும் கிராபிக்ஸும் சேர்ந்தது. 16 ஜிபி மெமரியை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் அது ஜிடிடிஆர்6, வேகம் நொடிக்கு 448 ஜிபி. ஆக, "சேர்ந்து இருப்பதுதான் பலவீனம்" என்பது சரியான காரணம் இல்லை. பலவீனம் மெமரியில். நாம் லேப்டாப்பில் போடும் சாதாரண ரேம் கிராபிக்ஸுக்காகச் செய்யப்பட்டதே கிடையாது.

2025இல் ஏஎம்டி கொண்டுவந்த ஸ்ட்ரிக்ஸ் ஹேலோ இதைக் கண்ணுக்கு நேராகக் காட்டிவிட்டது. மெமரிப் பாதையை வழக்கமான 128 பிட்டிலிருந்து 256 பிட்டாக அகலப்படுத்தினார்கள், 256 ஜிபி வேகம் வந்தது. அதை நம்பித்தான் 40 கம்ப்யூட் யூனிட்டை உள்ளே வைக்க முடிந்தது. அவ்வளவு யூனிட்டை அந்திவெயிலின் லேப்டாப்பில் வைத்தால் பெரும்பாதி நேரம் தரவு வரும் என்று காத்துக்கொண்டு நிற்கும்.

#13 ஊமத்தம்பூ

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மேசைக் கணினி ஒன்று கட்டப் போகிறேன். ரைசன் 7 7700 வாங்கினால் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது என்கிறார்கள். கொஞ்ச நாள் அதில் கேம் ஓட்டிவிட்டுப் பிறகு கார்டு வாங்கலாமா?

#14 திருப்புளி

நல்லவேளை, வாங்குவதற்கு முன் கேட்டீர்கள். அதில் இருப்பது 2 கம்ப்யூட் யூனிட் மட்டும். திரையில் படம் வரவும், வீடியோ பார்க்கவும், கார்டு பழுதானால் சமாளிக்கவும் வைத்தது. அதை நம்பி கேமுக்கு இறங்காதீர்கள்.

"இன்டக்ரேட்டட் கிராபிக்ஸ்" என்ற ஒரே பெயருக்குள் எறும்பும் இருக்கிறது, யானையும் இருக்கிறது. 2024இல் வந்த 8700ஜி எடுத்தால் ரேடியான் 780எம், 12 கம்ப்யூட் யூனிட், ஆர்டிஎன்ஏ 3. பார்ப்பதற்கு அதே வகைப் பெட்டி, உள்ளே ஆறு மடங்கு யூனிட். ஆனால் 8700ஜி எடுத்தால் பின்னாளில் போடும் கார்டுக்குக் கிடைக்கும் பாதை எட்டுத் தடம்தான், 7700இல் பதினாறு. எப்படியும் ஆறு மாதத்தில் கார்டு வாங்குவீர்கள் என்றால் 7700 சரி. கார்டே வேண்டாம் என்றால் 8700ஜியும் வேகமான இரண்டு ரேம் குச்சியும். அப்புறம் பயாஸில் எக்ஸ்போ என்ற ரேம் வேக செட்டிங்கை ஆன் செய்ய மறக்காதீர்கள். 6000 என்று எழுதிய ரேம், அதை ஆன் செய்யாவிட்டால் அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இன்டெல் பக்கம் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் கிராபிக்ஸ் வேலையே செய்யாது. லேப்டாப்பில் ஐரிஸ் எக்ஸ்இ என்று ஒட்டியிருந்து, விண்டோஸில் வெறும் "யூஎச்டி கிராபிக்ஸ்" என்று காட்டினால் பயப்பட வேண்டாம், சிப் போலி இல்லை. டூயல் சேனல் மெமரி இருந்தால்தான் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரைத் தருவது என்று இன்டெல்லே வைத்திருக்கும் விதி அது. இரண்டாவது குச்சி போட்டதும் பெயர் மாறும். ஒருவருக்கு அப்படி மாற்றிக் கொடுத்தபோது, கிராபிக்ஸ் கார்டையே மாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

#15 மட்டுறுத்துநர்

மேசைக் கணினி பற்றிய கூடுதல் கேள்விகளுக்குத் தனி இழை தொடங்குங்கள், ஊமத்தம்பூ. இங்கே அந்திவெயிலின் கேள்வி தொடரட்டும்.

#16 அந்திவெயில்

முடிவு செய்துவிட்டேன், இன்னொரு 8 ஜிபி போடுகிறேன். திறப்பதற்கு முன் கவனிக்க வேண்டியது என்ன அண்ணா? இதுவரை லேப்டாப்பைத் திறந்ததே இல்லை. 16 ஜிபி குச்சியாகவே போட்டால் இன்னும் நல்லதா?

#17 திருப்புளி

8தான் போடுங்கள். 8ம் 16ம் சேர்ந்தால் முதல் 16 ஜிபி டூயல் சேனலில் ஓடும், மீந்த 8 சிங்கிளில் ஓடும். அதுவும் வேலை செய்யும், ஆனால் இணையாக இருப்பது மேல். டிடிஆர்4 லேப்டாப் ரேம் என்று கேட்டு வாங்குங்கள். டிடிஆர்5இன் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், உள்ளே போகாது, அழுத்தினால் ஸ்லாட் உடையும்.

லேப்டாப்பை முழுதாக நிறுத்துங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள். அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு காகிதத்தில் வையுங்கள், சிலவற்றில் நீளம் வேறுபடும். மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். பிறகு ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமைக் கையில் எடுங்கள். சாய்த்துச் செருகி, தங்க நிறப் பற்கள் ஏறக்குறைய மறையும்வரை தள்ளி, அப்புறம் கீழே அழுத்த வேண்டும். இரண்டு பக்கக் கொக்கியும் "கிளிக்" என்று பிடிக்கும்.

முக்கியமான ஒன்று. மூடி முதல்முறை ஆன் செய்யும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கலாம். புது ரேமோடு பழகிக்கொள்ள இயந்திரம் எடுக்கும் நேரம் அது. பதறி நிறுத்திவிடாதீர்கள்.

#18 எண்கணக்கு

டிடிஆர்5 லேப்டாப் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்கள் ஒரே குச்சிக்குள்ளேயே 32 பிட் பாதை இரண்டு உண்டு. அதனால் கணினிக்குள் இருப்பதைக் காட்டும் சிபியூ-இசட் என்ற மென்பொருள் ஒரு குச்சி இருக்கும்போதே "2 x 32" என்று காட்டும். அதை டூயல் சேனல் என்று நினைத்து ஏமாற வேண்டாம். இரண்டு குச்சி இருந்தால் "4 x 32" என்று இருக்கும்.

#19 அந்திவெயில்

போட்டாயிற்று!

நேற்று இரவு உட்கார்ந்தேன். திருகு பதினொன்று, அதில் இரண்டு நீளம். மூடியின் ஒரு மூலை மட்டும் வரவே மாட்டேன் என்றது, பழைய அட்டை ஒன்றை நுழைத்து மெதுவாக நகர்த்தினேன். உள்ளே நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு ஸ்லாட் காலி, அதன் மேல் லேசாகத் தூசி. முதல்முறை செருகியபோது ஒரு கொக்கிதான் பிடித்தது. எடுத்து மறுபடி தள்ளியபோது இரண்டு சத்தமும் கேட்டது.

ஆன் செய்தால் கறுப்புத் திரை. காற்றாடி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, வேறு எதுவும் இல்லை. நீங்கள் எழுதியது நினைவில் இல்லையென்றால் நிச்சயம் பட்டனை அழுத்திப் பிடித்திருப்பேன். ஒரு நிமிடம் போல ஆனதும் தானாகவே ஒரு முறை நின்று, திரும்ப வந்தது. 16 ஜிபி. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஜிடிஏ 5, அதே 1080பி, அதே நார்மல். முன்பு 38, 40. இப்போது 55க்கு மேல், நகரத்துக்கு வெளியே 60ஐத் தாண்டுகிறது. ஆனால் எண்ணைவிட முக்கியம், அந்தத் துள்ளல் போய்விட்டது. அதே சாலையில், அதே வேகத்தில் ஐந்து முறை நுழைந்து பார்த்தேன். ஒரு முறைகூட நிற்கவில்லை.

#20 கடைசிபெஞ்ச்

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. வாழ்த்துகள்!

#21 எண்கணக்கு

அந்தத் துள்ளலை அளக்கவும் ஒரு எண் உண்டு. சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் பார்த்தால் அது மறைந்துவிடும். "1% லோ" என்று ஆஃப்டர்பர்னர் போன்ற கருவிகளில் வரும். மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு பிரேம்கள் என்ன வேகத்தில் வந்தன என்று சொல்வது அது. சராசரி 40, 1% லோ 12 என்றால் விளையாடுவது வேதனை. சராசரி 33, 1% லோ 29 என்றால் சுகமாக விளையாடலாம். இன்டக்ரேட்டட் வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டிய எண் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

#22 நெடுந்தூரம்

அந்திவெயில், உண்மையிலேயே மகிழ்ச்சி. ஒரே குச்சி என்று தெரியாமல் நான் முதலில் பதில் எழுதிவிட்டேன், கேட்டிருக்க வேண்டும். எல்டன் ரிங் முயன்று பாருங்கள். ஆனால் ஒன்று, ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் என்ற மென்பொருள் வசதியில் வரும் பிரேம் ஜெனரேஷன் போட்டால் இரண்டு மடங்காகும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி இறங்காதீர்கள்.

#23 அந்திவெயில்

அதைத்தான் கேட்க இருந்தேன். எஃப்எஸ்ஆர் என்றால் இலவசமாக வேகம் வருகிறது என்கிறார்களே, அது உண்மையா?

#24 நெடுந்தூரம்

இரண்டு வேறு விஷயங்களை ஒரே பெயரில் குழப்புகிறார்கள். முதலாவது அப்ஸ்கேலிங். கேமைக் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து, பெரிதாக்கி, கூர்மைப்படுத்துவது. 1080பியில் எஃப்எஸ்ஆர் 2 குவாலிட்டி என்றால் உள்ளே வரைவது 720பி. பெர்ஃபார்மன்ஸ் என்றால் வெறும் 540பி. குவாலிட்டியில் நன்றாக இருக்கும். பெர்ஃபார்மன்ஸில் புல், முடி, கம்பிவேலி எல்லாம் நெளியும். பெரிதாக்கும் வேலைக்கே சிப் நேரம் செலவழிக்க வேண்டும், சின்ன சிப்பில் அந்தச் செலவு தெரியும். இருந்தாலும் உங்களுக்கு லாபம்தான்.

இரண்டாவது பிரேம் ஜெனரேஷன். உண்மையான இரண்டு பிரேமுக்கு நடுவில் ஒன்றைக் கற்பனையாக வரைந்து செருகுவது. அதற்கு அடிப்படையே 60 எஃப்பிஎஸ் போல இருக்க வேண்டும் என்று ஏஎம்டியே பரிந்துரைக்கிறது. 25ஐ 50 ஆக்கினால் எண் ஏறும், பட்டனை அழுத்தியதற்கும் வாள் வீசுவதற்கும் நடுவே உள்ள தாமதம் 25க்கு உரியதைவிடவும் கூடும். எல்டன் ரிங் மாதிரி சரியான கணத்தில் உருண்டு தப்பிக்க வேண்டிய கேமில் அது உயிரை எடுக்கும்.

எப்படியும் எல்டன் ரிங்கில் எஃப்எஸ்ஆர் கிடையாது. அங்கே ரெசல்யூஷனை நேரடியாகக் குறைப்பதுதான் வழி.

#25 மரப்பாச்சி

எல்டன் ரிங்கில் புல்லின் தரத்தை முதலில் குறையுங்கள். அப்புறம் நிழல், வால்யூமெட்ரிக், பிரதிபலிப்பு, குளோபல் இல்லுமினேஷன். டெக்ஸ்சரை மட்டும் மீடியத்தில் விடுங்கள். அதைக் குறைத்தால் வேகம் பெரிதாகக் கூடாது, படம்தான் சேறு மாதிரி ஆகிவிடும்.

#26 திருப்புளி

பயாஸில் "யூஎம்ஏ பிரேம் பஃபர்" (கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் ரேமின் அளவு) என்று ஒன்று இருந்தால் 2 ஜிபி ஆக்குங்கள். எல்லா லேப்டாப்பிலும் அந்த வசதியைத் திறந்து விடுவதில்லை, இல்லையென்றால் விட்டுவிடுங்கள். விண்டோஸ் எப்படியும் பகிர்ந்துகொள்ளும். சில கேம்கள் தொடங்கும்போது ஒதுக்கிய அளவைப் பார்த்துவிட்டு மறுக்கும், அதற்காகத்தான் இது.

அடுத்தது மின்சாரம். இதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் சிப்பின் அளவு 15 வாட். அந்த 15ஐயும் பிராசசரும் கிராபிக்ஸும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பிராசசர் தேவையே இல்லாமல் 4 ஜிகாஹெர்ட்ஸுக்கு எகிறினால் கிராபிக்ஸின் பங்கு குறையும். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் "மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்" என்பதை 100இலிருந்து 99 ஆக்கிப் பாருங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் பூஸ்ட் நின்றுவிடும், மிச்சமாகும் வாட் கிராபிக்ஸுக்குப் போகும், சூடும் குறையும். கிராபிக்ஸ்தான் தடையாக இருக்கும் கேமில் இது பலன் தரும். பிராசசர் தடையாக இருக்கும் கேமில் எதிராகவே போகும், அதனால் இரண்டு விதமாகவும் அளந்து பாருங்கள். சார்ஜர் செருகியே விளையாடுங்கள். லேப்டாப்பின் பின்பக்கத்தை விரலளவு உயர்த்தி வையுங்கள். மெத்தை மேல் வைத்து விளையாடினால் காற்று வரும் துளை அடைபட்டுப் போகும்.

#27 அந்திவெயில்

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், ஏன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எல்டன் ரிங் ஓடுகிறது. 1280க்கு 720, டெக்ஸ்சர் மீடியம், மற்றதெல்லாம் லோ. முதலில் எண்ணைக் கட்டுப்படுத்தாமல் விட்டேன். குகைக்குள் 40, திறந்தவெளியில் 29, மழை பெய்தால் 27 என்று ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, கண் வலித்தது. பிறகு ரிவாட்யூனர் என்ற மென்பொருளில் 30க்குப் பூட்டினேன், 99 வழியையும் செய்தேன். இப்போது திறந்தவெளியிலும் 30இலேயே நிற்கிறது. மழையில் மட்டும் எப்போதாவது 28. முதன்முறை ஒரு புது இடத்துக்குள் போகும்போது ஒரு சின்னத் தடங்கல் வருகிறது, இரண்டாம் முறை வருவதில்லை.

முதல் குகையிலிருந்து வெளியே வந்து கதவைத் திறந்ததும் தூரத்தில் அந்தப் பெரிய பொன் மரம் தெரிந்தது. விளிம்பெல்லாம் கொஞ்சம் மங்கல்தான். அங்கேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

நண்பன் ஒருவன் டூம்: தி டார்க் ஏஜஸ் விளையாடுகிறான், என்னையும் கூப்பிட்டான். இதில் வராது, காரணம் இது என்று அவனுக்கு விளக்கினேன். அவன் லேப்டாப் 780எம் உள்ளது, தனி கார்டு இல்லை. ரே டிரேசிங் வசதி அதில் இருப்பதால் திறக்கிறது, ஆனால் எல்லாம் லோவில் வைத்தும் சண்டை சூடுபிடித்தால் திணறுகிறதாம்.

#28 திருப்புளி

அவருடைய லேப்டாப்பில் ரேம் எத்தனை குச்சி என்று கேட்டீர்களா?

#29 அந்திவெயில்

இப்போதுதான் கேட்டேன். 16 ஜிபி, ஒரே குச்சி. "2 x 32 என்று காட்டுகிறது, அதனால் டூயல் சேனல்தான்" என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். இந்த இழையை அவனுக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை திருப்புளியோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், உங்களோடு இல்லை அண்ணா, நிஜத் திருப்புளியோடு.